வாழைநாரும் நுண்ணிழையும்

நனைத்த வாழைநாரைப் பூத்தொடுப்போர் நகத்தாற் கீறி இரண்டாக்குவர், இரண்டை நான்காக்குவர். கீறுந்தோறும் நார் மெலிகின்றதேயன்றி எளிதில் அறுவதில்லை. இவ்வாறு கீறிக்கொண்டே சென்றால் எதுவரை செல்லக்கூடும்? நகத்திற்கும் ஊசிமுனைக்கும் எட்டாத அளவிலும் நாருக்குள் நார் உண்டோ? உண்டென்பதே விஞ்ஞானிகள் கண்ட முடிபு. அவ்விறுதி இழையின் அகலம் 3 அல்லது 4 நானோமீட்டரே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். நம் தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் இவ்விழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஏறத்தாழ 20,000 இழைகள் அடங்கும்.

இத்தகைய நுண்ணிழையைச் செடிகொடிகளின் நாரினின்று பிரித்தெடுக்கும் வகைகளையும், அதனால் விளையும் பயனையும், அதற்காக நாம் கொடுக்கும் விலையையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூற விழைகின்றோம். இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே முதன்மையானதென்பது நம் கருத்து. ஏனெனில், முதலிரண்டையும் வியந்து பேசுவோர் பலர். மூன்றாவதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே.

செல்லுலோஸ் யாது?

1838-ஆம் ஆண்டில் அன்செல்ம் பயேன் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், பலவகைச் செடிகளின் பாகங்களை அமிலத்தாலும் அம்மோனியாவாலும் பக்குவஞ்செய்து பார்த்தார். எச்செடியை எடுத்தாலும் இறுதியில் ஒரே வகையான வெண்ணிறப் பொருள் எஞ்சக் கண்டார். அடுத்த ஆண்டில் அதற்குச் செல்லுலோஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அப்பொருளிற் கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவை மாப்பொருளில் உள்ள அதே விகிதத்தில் அமைந்திருத்தலையும் அவர் கண்டார்.

ஒரே விகிதமாயின் இரண்டிற்கும் வேற்றுமை யாதெனின், கூறுதும். சோற்றிலுள்ள மாப்பொருளும் பருத்தி வேட்டியிலுள்ள செல்லுலோஸும் குளுகோஸ் என்னும் ஒரே சர்க்கரையின் கூறுகள் கைகோத்து நிற்கும் சங்கிலிகளே. மாப்பொருளில் அக்கூறுகள் எல்லாம் ஒரே முகமாக நின்று இணைதலின் சங்கிலி வளைந்து சுருள்கின்றது. செல்லுலோஸிலோ ஒன்றுவிட்டொன்று தலைகீழாகத் திரும்பி இணைதலின் சங்கிலி நேரே நீள்கின்றது. சுருண்டது நமக்கு உணவாயிற்று, நீண்டது உடையாயிற்று. நீண்ட சங்கிலியின் பிணைப்பை அறுக்கும் ஆற்றல் நம் குடலுக்கு இல்லை. வைக்கோலைத் தின்னும் பசுவும் தன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் துணைகொண்டே அதனைச் செரிக்கின்றது.

பருத்தியில் இத்தகைய சங்கிலி ஒன்றில் ஏறத்தாழ 10,000 குளுகோஸ் கூறுகள் வரை கோக்கப்பட்டிருக்கும். இவ்வளவு நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உலகில் இருத்தல் கூடுமென்பதை 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் எடுத்துரைத்தபோது பெரும்பாலோர் ஒப்பவில்லை. 1953-இல் அவருக்கு இரசாயனத்திற்குரிய நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

சங்கிலி தனித்து நிற்பதில்லை. செடியின் உயிரணுவானது பல சங்கிலிகளை ஒருங்கே நூற்று வெளிவிடுகின்றது. ஓரிழையில் 18 சங்கிலிகள் உள்ளன என்பது இக்காலத்தார் பலருடைய கொள்கை. அவை ஹைட்ரஜன் பிணைப்பினால் ஒன்றையொன்று பற்றி, ஓரிடத்தில் அணிவகுத்துப் பளிங்கு போல் ஒழுங்குற நிற்கும். மற்றோரிடத்தில் ஒழுங்கு குலைந்து நெகிழ்ந்து நிற்கும். ஒழுங்குற்ற பகுதியின் விறைப்பு, நிறைக்கு நிறை நோக்கின், எஃகின் விறைப்பினும் மூன்று மடங்குக்கு மேற்பட்டது. எஃகு நீரினும் 7.8 மடங்கு கனமுடையது, செல்லுலோஸோ 1.6 மடங்கே. இலேசாயிருந்தும் வளையாது நிற்கும் இவ்வியல்பை எண்ணியே விஞ்ஞானிகள் இதன்பால் ஆவல் கொண்டனர்.

முதற்படி: விலக்குதல்

செடியின் நார், சிமெண்டுக் கட்டடத்தை ஒத்தது. செல்லுலோஸ் இழைகள் உள்ளே கிடக்கும் இரும்புக் கம்பிகள். லிக்னின் என்பது கம்பிகளைச் சூழ்ந்து இறுகிய சிமெண்டு. ஹெமிசெல்லுலோஸ் என்பது இரண்டையும் பிணைக்கும் பசை. எனவே நுண்ணிழையைப் பெறுவதற்கு நாம் புதிதாக ஒன்றையும் படைக்க வேண்டுவதில்லை. செடி முன்னரே நூற்று வைத்ததைச் சூழ்ந்துள்ளவற்றை விலக்கினாற் போதும். ஆயினும், கம்பி வளையாமல் சிமெண்டை மட்டும் உடைத்தல் எளிதன்று என்பதைக் கட்டட வேலை செய்வோர் அறிவர்.

எந்நாரை எடுத்துக்கொள்வது என்பதும் இதனாலேயே முடிவாகின்றது. பருத்தியில் லிக்னின் இல்லையெனலாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸே. வாழைநாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 65 பங்கு செல்லுலோஸ். லிக்னின் 5 முதல் 10 பங்கு. தேங்காய் நாரிலோ லிக்னின் 40 பங்கு அளவும் உண்டு. கடல்நீரிற் கிடந்தும் கயிறு எளிதில் மக்காமைக்குக் காரணமான அந்த லிக்னினே, ஆராய்ச்சிச் சாலையில் நமக்குத் தடையாக நிற்கின்றது. ஒன்றற்குக் குணமாயது மற்றொன்றற்குக் குற்றமாதல் இயல்பேயன்றோ?

நாரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, காஸ்டிக் சோடா கரைத்த நீரிற் கொதிக்கவைத்தால் ஹெமிசெல்லுலோஸும் லிக்னினிற் பெரும்பகுதியும் கரைந்து, நீர் கருமையடையும். எஞ்சியதைச் சோடியம் குளோரைட்டாலேனும் ஹைட்ரஜன் பெராக்ஸைடாலேனும் வெளுத்தால் பஞ்சு போன்ற வெண்ணிறக் கூழ் கிடைக்கும். இதுகாறும் கூறியது காகித ஆலைகளில் நாள்தோறும் நிகழும் தொழிலே. நுண்ணிழைக்குரிய வழி இதன் பின்னரே தொடங்குகின்றது, அது மூவகைப்படும்.

அமில வழி

ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரில் பெங்ட் ரான்பி என்பவர் 1949 முதல் 1951 வரை வெளியிட்ட ஆராய்ச்சிகள் இவ்வழிக்கு அடிகோலின. வெளுத்த கூழைக் கடுமையான கந்தகாமிலத்தில் இட்டால், நெகிழ்ந்து கிடக்கும் பகுதிகளுக்குள் அமிலம் முதலிற் புகுந்து அவற்றை அரித்துவிடும். அணிவகுத்து நெருங்கி நிற்கும் பளிங்குப் பகுதிகளில் அது விரைந்து புகமாட்டாது. ஆகவே இழை ஆங்காங்கே துண்டுபட்டு, ஊசி போன்ற பளிங்குத் துணுக்குகள் எஞ்சும். பருத்தியினின்றும் மரத்தினின்றும் இவ்வாறு பெறுவனவற்றின் அகலம் 5 முதல் 20 நானோமீட்டர் வரையிலும், நீளம் 100 முதல் 300 வரையிலும் இருக்கும்.

நூற்றுக்கு 64 பங்கு கந்தகாமிலமுள்ள கரைசலில், 45 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வைத்தல் பெருவழக்கு. குறைந்தால் நார் உடையாது. மிகுந்தால் பளிங்கும் கரைந்து சர்க்கரை நீராகிவிடும். சோற்றுக்குப் பதம் பார்ப்பது போலவே இதற்கும் பதம் பார்த்தல் வேண்டும். பதம் வந்தவுடன் கலவையைப் பத்து மடங்கு குளிர்ந்த நீரில் ஊற்றி அமிலத்தின் வேகத்தைத் தணிப்பர். பின்னர்ச் சுழற்றிப் பிரிக்கும் பொறியிலிட்டும், சவ்வுப் பையிற் கட்டி நீரில் ஊறவைத்தும் அமிலத்தைப் போக்குவர்.

கந்தகாமிலத்தையே தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. அது பளிங்கின் மேற்புறத்திற் சல்பேட்டுத் தொகுதிகளை ஒட்டிவிட்டுச் செல்லும். அவற்றின் எதிர்மின்னேற்றத்தால் துணுக்குகள் ஒன்றையொன்று தள்ளி, நீரில் அடியிற் படியாது மிதந்து நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாற் செய்தவை அங்ஙனம் நில்லாது திரண்டு படியும். மிதக்கும் துணுக்குகள் செறிவு மிகுந்தவிடத்துத் தாமாகவே அடுக்கடுக்காய்த் திருகி அமைவதை 1992-இல் கானடா நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டினர். அந்நீரை மெல்ல உலரவிட்டால், சாயம் ஏதுமின்றியே மயிற்பீலி போல் நிறங்காட்டும் தகடு உண்டாகின்றது.

அரைக்கும் வழி

அமிலம் சேர்க்காமல் பொறியின் வலியாலேயே இழைகளைப் பிரிப்பது இரண்டாவது வழி. அமெரிக்க ஐக்கிய நாட்டில் டர்பாக் முதலியோர் 1970-களின் இறுதியிற் கண்டு, 1983-இல் விரிவாக வெளியிட்டது இது. பாலில் ஆடை பிரியாதிருக்கும்படி கொழுப்பை நுணுக்கும் பொறியொன்று உண்டு. மரக்கூழை நீரிற் கலந்து அப்பொறியின் நுண்ணிய பிளவின் வழியே மிகுந்த அழுத்தத்தோடு பலமுறை செலுத்தினர். நூற்றுக்கு இரண்டு பங்கே கூழ் கலந்த நீர், பசைக்கஞ்சி போல் இறுகி நின்றது. நம் வீடுகளில் வழங்கிய திருகையை ஒத்த இரு கல்வட்டுகளுக்கிடையே கூழை அரைக்கும் பொறியும் பின்னர் ஜப்பானியரால் ஆக்கப்பட்டது. இவ்வழியிற் கிடைப்பவை ஊசிகளல்ல. மைக்ரோமீட்டர்க் கணக்கில் நீண்டு பின்னிக் கிடக்கும் இழைகள்.

இவ்வழியின் குறை மின்சாரச் செலவாகும். முதலில் ஒரு டன் நுண்ணிழைக்கு 25,000 யூனிட்டுக்கு மேலும் செலவாயிற்று. மாதந்தோறும் 100 யூனிட் செலவிடும் இல்லத்திற்கு அது இருபது ஆண்டுக்கும் போதுமானது. இக்குறையினால் இத்தொழில் நெடுநாள் வளராது நின்றது. செல்லுலோஸை மெல்ல அரிக்கும் என்சைம்களால் கூழை முன்னரே இளக்கிக்கொண்டால் செலவு பெரிதும் குறையுமென 2007-ஆம் ஆண்டளவில் ஸ்வீடன், பின்லாந்து நாட்டு அறிஞர் காட்டினர். அதன் பயனாக 2011-இல் ஸ்டாக்ஹோமில் மாதிரி ஆலையொன்று திறக்கப்பெற்றது.

இரண்டிற்கும் இடைப்பட்ட வழி

டோக்கியோப் பல்கலைக்கழகத்து அகிரா இசோகாய், ட்சுகுயுகி சைட்டோ முதலியோர் 2006-இல் வெளியிட்ட முறை மூன்றாவது. டெம்போ எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு பொருளைக் கிரியாஊக்கியாகக் கொண்டு, இழைகளின் மேற்புறத்தை மட்டும் ஆக்ஸிஜனோடு சேர்விப்பர். அதனால் ஒவ்வோரிழையும் எதிர்மின்னேற்றம் பெற்று, அண்டையிழையைத் தானே தள்ளத் தொடங்குகின்றது. பின்னர்ச் சிறிது கலக்கினாலே 3 அல்லது 4 நானோமீட்டர் அகலமுள்ள தனியிழைகள் கண்ணாடி போல் தெளிந்த நீரிற் பரவிவிடுகின்றன. அவ்விருவருக்கும் யோஷிஹாரு நிஷியாமா என்பவருக்கும் 2015-இல் மார்கஸ் வாலென்பெர்க் பரிசு அளிக்கப்பெற்றது. இம்முறையிலும் ஹைப்போகுளோரைட்டுச் செலவும், விலையுயர்ந்த டெம்போவை மீட்டெடுக்கும் தொல்லையும் உள.

நம் நாட்டில் நடந்தவை

உலகில் வாழை மிகுதியாக விளையும் நாடு இந்தியாவே. ஒரு வாழை ஒருமுறையே குலை ஈனும். குலையை வெட்டியபின் மரத்தையும் வெட்டுவர். அதிற் சிறிது சமையலுக்கும் நாருக்கும் ஆக, பெரும்பகுதி தோட்டத்திலேயே கிடக்கும். இதனைக் கருதிக் கேரளத்து ஆராய்ச்சியாளர் வாழைநாரினின்று நுண்ணிழை எடுக்கும் முறையொன்றை 2008-இல் வெளியிட்டனர். 2010-இல் அன்னாசி இலைநாரிலும் அவ்வாறே செய்து காட்டினர். அவர்களுள் மாவேலிக்கரை பிஷப் மூர் கல்லூரியாரும் உளர் என்பது நம்போன்ற கல்லூரிகளுக்கு ஊக்கந் தருவதாகும்.

அவர்கள் கையாண்டது நீராவியின் வலிமை. நாரைக் காரநீருடன் மூடிய கலத்தில் அழுத்தமுள்ள நீராவியில் வேகவைத்து, அழுத்தத்தைத் திடீரெனத் திறந்துவிட்டால், நாரினுள் புகுந்த நீராவி ஒருங்கே விரிந்து நாரைப் பிளக்கின்றது. பின்னர் வெளுத்து, ஆக்ஸாலிக் அமிலத்துடன் மீண்டும் நீராவியில் வைப்பர். கந்தகாமிலத்தை நோக்க இவ்வமிலம் மென்மையானது. சிறு கல்லூரியின் ஆராய்ச்சிச் சாலையிலும் இயலத்தக்க முறையாதலின் இது நம் கவனத்திற்குரியது.

அன்றியும், 1924-இல் பம்பாய் மாதுங்காவில் தோன்றிய பருத்தித் தொழிலாராய்ச்சி நிலையம், 2015-இல் நுண்ணிழை செய்யும் மாதிரி ஆலையொன்றை நிறுவியது.

பயன்

காகிதத்திற் சிறிது கலந்தால் அதன் வலி மிகும். தகடாக வார்த்தால் உலர்ந்த காற்றில் ஆக்ஸிஜனை எளிதில் ஊடுருவ விடாது; ஆதலின் உணவுப் பண்டங்களைப் பொதிதற்கு ஏற்றது. குலுக்கினால் இளகி, நின்றால் இறுகும் இயல்பு இதன் பசைக்கு உண்டு. அவ்வியல்பு பற்றி ஜப்பானில் பேனா மையிலும் இதனைச் சேர்த்து விற்றனர். 2019-ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார்க் கண்காட்சியில், பல உறுப்புக்களை இவ்விழை கலந்த பொருளாற் செய்த கார் ஒன்று வைக்கப்பட்டது. வண்டி இலேசானால் எரியெண்ணெயும் குறையுமன்றோ?

விலை

இனி, நாம் முதன்மையென்று கூறியதற்கு வருவோம். செடியிற் பிறந்ததாயினும், மண்ணில் மக்குவதாயினும், ஒரு பொருள் அதனாலேயே தீங்கற்றதாகிவிடாது. அதனை ஆக்கும் வழியும் ஆராயத்தக்கது.

அமில வழியையே எடுத்துக்கொள்வோம். 1 கிராம் கூழுக்கு ஏறத்தாழ 9 மில்லிலிட்டர் அமிலக் கரைசல் வேண்டும். எனவே 1 கிலோ கூழுக்கு 9 லிட்டர். அதனுள் அடங்கிய கந்தகாமிலம் மட்டும் ஏறத்தாழ 9 கிலோ. வேகத்தைத் தணிக்கப் பத்து மடங்கு நீரெனின் 90 லிட்டர். கழுவும் நீர் இதற்கு மேல். இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் பளிங்கு பெரும்பாலும் 300 முதல் 500 கிராம் வரையே. எஞ்சிய அமிலத்தைச் சுண்ணாம்பால் தணித்தாலோ குவியலாய் ஜிப்சம் படியும். அமிலத்தை மீட்டு மீண்டும் வழங்காத ஆலை, தோட்டத்துக் குப்பையை ஆற்றுக் குப்பையாக மாற்றும் ஆலையேயாகும்.

அடுத்தது நீர். நுண்ணிழையை முற்றிலும் உலர்த்தினால், அரும்பாடுபட்டுப் பிரித்தவை மீண்டும் ஒன்றையொன்று பற்றி இறுகிவிடும். நீரிலிட்டாலும் பழைய நிலைக்கு வாரா. அதனால் பெரும்பாலும் நீரோடு கலந்த பசையாகவே விற்க வேண்டியுள்ளது. நூற்றுக்கு இரண்டு பங்குள்ள பசை ஒரு டன் வண்டியேறினால், அதில் நுண்ணிழை 20 கிலோ. நீர் 980 கிலோ. தொலைவூருக்கு நீரைச் சுமத்தல் அறிவுடைமையன்று. ஆக்கும் இடமும் வழங்கும் இடமும் அண்மையில் இருத்தல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவதாக, கழிவு என்னும் சொல்லையும் ஆராயாது வழங்குதல் தகாது. தோட்டத்திற் கிடந்து மக்கும் வாழைமரம், தான் உண்ட பொட்டாசியச் சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகின்றது. அதனை அகற்றினால் அச்சத்துக்கு ஈடாக உழவன் உரம் வாங்க நேரும். நாரை எடுத்தபின் எஞ்சும் சாற்றையும் சக்கையையும் தோட்டத்திற்கே மீட்பித்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். ஏனெனில் மரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. நார் மிகச் சிறு பங்கே.

மாணவர்க்கு ஒரு சொல்

இக்காலத்தில் கல்லூரிதோறும் இரசாயன மாணவர்கள் கற்றாழை, சணல், பனை, கரும்புச் சக்கை என யாதேனும் ஒரு நாரை எடுத்து, அதினின்று நுண்ணிழை பெற்று, எலெக்ட்ரான் நுண்ணோக்கியிற் படம்பிடித்துக் கட்டுரை எழுதுகின்றனர். படம் அழகியது; முயற்சியும் பாராட்டத்தக்கது. ஆயினும், செல்லுலோஸ் உள்ள எந்நாரினின்றும் நுண்ணிழை வரும் என்பது இன்று ஐயத்திற்கு இடமானதன்று. வந்ததா என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எவ்வளவு செலவில் வந்தது என்பதே இன்று விடை வேண்டி நிற்கும் வினா.

ஆதலின், இவ்வாராய்ச்சியிற் புகும் மாணவர் தம் குறிப்புப் புத்தகத்தில் மூன்று பத்திகளைத் தனியே வகுத்துக்கொள்வாராக. ஒரு கிராம் நுண்ணிழைக்குச் செலவான அமிலமும் காரமும் எவ்வளவு, நீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என அவற்றில் நாள்தோறும் எழுதி வருவாராக. நான்காவதாக, கரைந்துபோன லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் எங்கே கொட்டினோம் என்பதையும் குறித்தல் நன்று. இத்தகைய கணக்கிற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. தராசும் அளவுக்குவளையும் மின்கணக்கிடும் கருவியும் போதும். அந்நான்கு எண்களும் இருந்தால், வேறொரு கல்லூரியார் தம் எண்களோடு அவற்றை ஒப்பிட்டு, எவ்வழி சிறந்ததென்று துணியக்கூடும். அவை இல்லையேல் ஆயிரம் படங்கள் இருந்தும் ஒப்பிட இயலாது.

எல்லா நாரையும் நானோ அளவுக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்பதும் இல்லை. கயிற்றுக்குக் கயிறாகவும், காகிதத்திற்குக் கூழாகவும் வாழைநார் உதவுமாயின் அதுவே போதுமானது. அதற்குமேற் செலவிடுதல் வீண். மருந்திலும், உணவுப்பொதியிலும், இலேசான வண்டியிலும் வேறொன்று செய்யமாட்டாத பணியை நுண்ணிழை செய்யுமிடத்து மட்டுமே அது தன் விலைக்குத் தகும். பொருளின் நுண்மையைக் காண்பதோடு அதன் வரவுசெலவையும் நேர்மையாக எழுதும் மாணவரே இத்துறையை உழவர்க்கும் ஊர்க்கும் பயன்படுவதாக ஆக்க வல்லார். அத்தகையோர் நம் கல்லூரியினின்றும் பலர் தோன்றுவாராக.